குளிர் புகாமல்

விடிந்த பிறகும் சைபீரியாவின் யாகூட்ஸ்க்கில் இருட்டுதான். மைனஸ் ஐம்பது. தெருவில் கார்கள் விட்ட புகை மேலே போக வழியில்லாமல் மூடுபனியோடு கலந்து தரையிலேயே கிடந்தது. உய்குலான் கொட்டகைக் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தான். பிறகுதான் காரைக் கிளப்பினான். எஞ்சின் இருமியது. முனகியது. ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

வேலிக்கு அப்பால் தன் கிழட்டு ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ப்ரகோப்பி கத்தினார்.

"டேய், தெருவையே சூடுபண்றியா? கதவச் சாத்துடா!"

"இருக்கட்டும்ணே."

சாத்தச் சொன்ன பிறகுதான் ப்ரகோப்பிக்கு உறைத்தது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் உய்குலானின் மனைவி அய்த்தலீனா இந்தக் கொட்டகையில்தான் செத்தாள். மகள் உட்காரும்போது சீட் சில்லென்று இருக்கக் கூடாதென்று தினமும் முன்னதாகவே வந்து காரைச் சூடாக்குவாள். அன்று குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அடைந்த புகை அவளைக் கொன்றது. ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்தாள்.

கார் சூடானதும் மகள் குன்னேயைத் தூக்கிவந்து பின்சீட்டில் உட்காரவைத்தான். ஐந்து வயது. கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"அப்பா, ஒரு கையுறையக் காணோம்."

"அசையாம இரு. எடுத்துட்டு வந்துடறேன்."

கையுறை அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தேடி எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

திரும்பி வந்தபோது கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது.

முட்டுக்கட்டை சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

இழுத்தான். அசையவில்லை. உள்ளே எஞ்சின் சத்தம் ஏறியது. யாரோ நிதானமாக மிதிப்பதுபோல்.

"குன்னேய்!"

தன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புப் பிடியை வெறுங்கையால் பற்றினான். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது தோல் அங்கேயே தங்கிவிட்டது. வலிக்கவில்லை.

பலகை இடுக்கில் வாயை வைத்துக் கிசுகிசுத்தான்.

"அய்த்தா... திறம்மா. புள்ள உள்ள இருக்கு."

எஞ்சின் சத்தம் தணிந்தது.

மறுபக்கம், அதே இடுக்கில், ஒரு மூச்சு.

"திறந்தா குளிருமே."

அவன் அலறியதில் ப்ரகோப்பி கடப்பாரையோடு ஓடிவந்தார். இருவருமாகப் பலகையைப் பெயர்த்தார்கள். புகை குபுக்கென்று முகத்தில் அடித்தது. குன்னேயின் தலை தொங்கியிருந்தது. வெளியே தூக்கிவந்து பனியில் கிடத்தியதும் வாந்தியெடுத்தாள். பிறகு அழுதாள். உய்குலான் அவளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அம்மாதான் சாத்துனாங்க," என்றாள். "பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

ப்ரகோப்பி காரை எட்டிப் பார்க்கவில்லை.

"ஏறுடா என் வண்டியில. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஜீப் குலுங்கிக் குலுங்கி ஓடியது. எஞ்சின் புகை உள்ளேயும் கசிந்து நாறியது. மடியில் மகளின் கண்கள் செருகின.

"தூங்காதடி செல்லம். அப்பாவப் பாரு."

கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். குளிர் கத்திபோல் நுழைந்தது. குன்னேய் கண்ணைத் திறந்தாள்.

"ஏத்துடா அத! எனக்குக் காது விழுந்துடும் போல!"

"காத்து வேணும்ணே. அவளுக்குக் காத்து வேணும்."

ப்ரகோப்பி முனகிக்கொண்டே ஓட்டினார். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. உய்குலானின் இரண்டு கைகளும் மகளைச் சுற்றியிருந்தன.

ஜன்னல் கைப்பிடி சுற்றியது.

மெதுவாக. அவசரமில்லாமல்.

கண்ணாடி ஏறியது.

அவன் தோலுரிந்த கையை இடைவெளியில் செருகினான். கண்ணாடி விரல்களைத் தொட்டதும் நின்றது. நசுக்கவில்லை.

அவன் கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தது.