காலித் தட்டுகள்

தட்டுகள் எல்லாம் காலியாக இருந்தன. ஆனால் மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

க்வெண்டாதான் அதைக் கவனித்தாள். மதியத்துக்குப் பிறகு கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி சாலையையே விழுங்கிவிட்டதால், காரை ஓரங்கட்டிவிட்டு, வெளிச்சம் தெரிந்த இந்தக் கஃபேக்குள் அவளும் கணவன் மால்கமும் நுழைந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் உருகிய வெண்ணெயும் கலந்த வாசனை, அதற்கு அடியில் அலை வடிந்தபின் பாறை இடுக்கில் தேங்குமே அந்த நாற்றம், கண்ணாடி ஜன்னலில் கோடு கோடாக வழியும் நீர், சுற்றிலும் மழைக்கோட்டைக் கழற்றாமலே ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். யாரும் பேசவில்லை. எல்லாத் தாடைகளும் ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தன.

மால்கமுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது? மனுஷன் பசியில் இருந்தான். நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு குளிர்காலம் பூராவும் சூப்பைக்கூடத் தள்ளிவைத்தவன் அவன். இடிந்த மடாலயம், கலங்கரை விளக்கம் என்று ஊர் சுற்றக் கிளம்பியதே அவன் நாக்குக்கு உயிர் வரட்டும் என்றுதான். வழியில் விட்பி என்ற துறைமுக ஊரில் வறுத்த மீனை அவன் விரலைச் சூப்பிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, அவள் கழிப்பறைக்குள் போய் அழுதாள். முழு ஆளாக அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும், வேறு எதுவும் வேண்டாம் அவளுக்கு.

உருளைக்கிழங்கு மசியலை மேலே அப்பிச் சுட்ட மீன் அவனுக்கு வந்தது. அவளுக்கு வெறும் டீ. கடைக்காரம்மா குண்டாக, கன்னம் சிவந்து, அன்பாகத்தான் இருந்தாள். நாலு வாய் போனதும் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். ரொம்பப் பிரமாதம் என்றான் மால்கம். அதைச் சொல்லும்போதே அவன் முகத்தில் ஊறியிருந்த சிவப்பு வடிந்தது. க்வெண்டா பேச்சை மாற்றினாள்.

"ஹேசலுக்கு ஒரு போன் போட்டுடலாம், பாவம், தேடுவா."

"யாரு ஹேசல்?"

பெற்ற மகளை யாரென்று கேட்கிறான். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தட்டு குறைய அவனும் குறைந்துகொண்டே வந்தான். தோள் சரிந்தது. கண் மங்கியது. சட்டைக் காலர் ஈரமாகியது.

"போதும் மால்கம். எழுந்திரு, போகலாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டான்.

"மன்னிச்சுக்கங்க. இந்த நாற்காலிக்கு யாராவது வர்றாங்களா?"

க்வெண்டா கோப்பையைக் கீழே வைத்தாள். அப்போது கடைக்காரம்மா மறுபடி வந்து நின்றாள். இந்த முறை கேட்டது க்வெண்டாவிடம்.

"அவர் தட்டை எடுத்துடட்டுமா கண்ணு? பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு. இன்னும் ஒரு வாய் மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போயிடறேன்."

மெல்லும் சத்தம் நின்றது. அத்தனை முகங்களும் திரும்பின. அவற்றில் கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடு என்று அந்த ஈரக் கண்கள் எல்லாம் மன்றாடின.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஆனால் க்வெண்டாவும் மால்கமும் எப்படிப்பட்ட ஜனங்கள் தெரியுமா? முடிவெட்டுகிறவள் தலையைக் குதறி வைத்தாலும் அருமை என்று சொல்லி, டிப்ஸும் கொடுத்து, காருக்குள் போய் அழுகிறவர்கள். சாப்பாட்டில் குறை சொல்லிச் சபையில் அம்மா மானத்தை வாங்கியதற்கு ஐந்து வயதில் வாங்கிய அறை அவள் கன்னத்திலேயே இருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். காது சுட்டது. பிடிக்கவில்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"இல்லங்க, ரொம்ப நல்லா இருக்கு. நன்றி."

ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரம்மாவும் பெருமூச்சுவிட்டாள்.

மால்கம் கடைசி வாயை எடுத்தான்.

க்வெண்டா பாய்ந்தாள். குழந்தை எதையாவது விழுங்கினால் தோண்டி எடுப்போமே, அப்படி அவன் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினாள். மீன் இல்லை. நாக்கு இல்லை. பல் இல்லை. குளிர். ஈர மணல். அடி இல்லாத ஆழம்.

உதடுகள் மூடின.

இழுத்தாள். வரவில்லை. அலறினாள். யாரும் அசையவில்லை. வலிக்கவே இல்லை, அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. அவன் கண்ணில் கோபம் இல்லை. பசிகூட இல்லை. அறிமுகம் இல்லாத ஒரு பெண்மணியைப் பார்த்துச் செய்யும் சின்னப் புன்னகை மட்டும் இருந்தது. மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்த அவள் கையை, நல்லபடி வளர்ந்த பிள்ளையைப்போல வாயைத் திறக்காமல், அவன் மென்றுகொண்டிருந்தான்.