பூட்டிய கடைக்குள் வந்த உதிரிகள்

பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியபோது, மெக்கானிக்கின் மேசைமேல் பழைய கார் ஒன்றின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, சேறும் பாசியுமாகச் சொட்டிக்கொண்டு கிடந்தது. எந்த வண்டியின் பாகம் என்று தெரியாத துருப்பிடித்த சாமான்களை ஊரே அவனிடம்தான் கொண்டுவரும்; தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். இதையும் துடைத்தான். துடைத்த கை பாதியில் நின்றது. பிடிக்க வாகாக இருக்கட்டும் என்று அண்ணனுக்காக அதை வளைத்துக் கொடுத்தவன் அவனேதான்.

பல வருஷத்துக்கு முன்னால், அண்ணியின் காய்ச்சலுக்கு ஆற்றுக்கு அக்கரையில் மருந்து வாங்க அந்தக் காரில் போனவர் அண்ணன். ஆளும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. கடைக்கு மேல்மாடியில் இருந்த அண்ணி, அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்துப் போனாள்.

அடுத்து ஹாரன் பொத்தான் வந்தது. பிறகு பக்கக் கண்ணாடி. பூட்டை மாற்றியும் பயனில்லை. எல்லாவற்றையும் கோணியில் சுற்றிப் பின்னறையில் ஒளித்தான். ஆனாலும் ஆற்றுச் சேற்றின் வாடை படியேறி மேலே போனது. சுவருக்குள் எங்கோ தண்ணீர் முனகிக்கொண்டே இருந்தது. பட்டப்பகலிலும் கடையின் மூலைகளில் கலங்கலாய் ஓர் இருட்டு தேங்கி நின்றது.

என்ன வாடை என்று அண்ணி கேட்ட அன்று அவனால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"அப்போ அவர் என்னை விட்டுட்டுப் போகல," என்றாள். எழுந்துகொண்டு, "எங்க வச்சிருக்க தம்பி? காட்டு."

பொழுது சாயும் நேரம். பின்னறைக் கதவைத் திறந்தான். கோணிக்குப் பக்கத்தில், காலையில் இல்லாத டிரைவர் சீட். பஞ்சு பிதுங்கி, நீர் வடிந்து. பெல்ட் பூட்டியிருந்தது. தொய்யவில்லை. யாருமில்லாத சீட்டில், ஒரு நெஞ்சின் அளவுக்குப் புடைத்து நின்றது.

ஏறியது. இறங்கியது.

"அண்ணி, வேணாம். வாங்க போயிடலாம்."

அவள் மண்டியிட்டாள். "ரொம்ப இறுக்குதாங்க?" என்று மெல்லக் கேட்டாள். பெல்ட்டின் பூட்டை அமுக்கினாள். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். பெல்ட் வேகமாக ஏறி இறங்கியது. மூச்சுக்குத் தவிக்கும் வேகம்.

அவள் மணிக்கட்டில் சதை உள்ளே அமுங்கியது. ஐந்து விரல் தடம். அதிலிருந்து சேற்று நீர் கசிந்தது.

அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.