பச்சை டிரே முட்டைகள்

மதுமதி ரத்தம் கொடுக்க வரவில்லை. ஒரு பச்சை பிளாஸ்டிக் டிரேயை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, நாமக்கல்லில் இருக்கும் அனிதாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தாள். டிரேயில் முப்பது முட்டைகள். பதினெட்டு உடைந்திருந்தன.

“ஏனுங்க, சிக்கலையெல்லாம் பிரிச்சுத் தர்றவங்க நீங்கதானுங்களே?”

“உட்காருங்க” என்றாள் அனிதா.

பக்கத்து நாற்காலியில் தீர்த்தகிரி செய்தித்தாளை மடித்து வைத்தார். போக்குவரத்துக் காவலில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அனிதாவிடம் வரும் எந்த வழக்கையும் அவர் விட்டுவைத்ததில்லை.

மதுமதி மினி லாரி ஓட்டுகிறாள். ராசப்பனின் கோழிப்பண்ணையில் விடியற்காலை முட்டை ஏற்றி, மதியத்துக்குள் பாலக்காட்டில் இறக்குவாள். பதினோரு வருடமாக இதுதான் வேலை. நேற்று இறக்கும்போது சரக்கில் கால்வாசிக்கு மேல் உடைந்திருந்தது.

“தூங்கிட்டே ஓட்டி வண்டியப் பள்ளத்துல உட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணுமாம். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். இல்லீன்னா எந்தப் பண்ணையிலயும் லோடு கிடைக்காம பண்ணிடுவேங்கறாருங்க ராசப்பன்.”

“என்ன செய்யப் போறீங்க?”

“நான் தூங்கலீங்க. வண்டியே போனாலும் போடமாட்டேன்.”

“நாய் குறுக்க வந்திருக்கும், நீ பிரேக்கை மிதிச்சிருப்பே சாமி” என்றார் தீர்த்தகிரி.

“நாயுமில்ல, நரியுமில்லைங்க ஏட்டய்யா. பின்னாடி, ஆக்சிலைத் தாண்டி இருந்தது நீல டிரே. அதுல ஒண்ணுகூட உடையலீங்க. உடைஞ்சதெல்லாம் முன்னாடி, கேபினை ஒட்டி இருந்த பச்சை.”

அனிதா நிமிர்ந்தாள். “குலுங்கல் எங்கே ஜாஸ்தி?”

“பின்னாடிதானுங்க.”

“பச்சை டிரே எந்த ஷெட்டு?”

“ரெண்டாவது. நீலம் ஒண்ணாவதுங்க. ரெண்டுலயும் ஒரே வயசுக் கோழி, ஒரே தீவனம்.”

உடையாத முட்டை ஒன்றை அனிதா இரண்டு விரல்களுக்கிடையே வைத்து லேசாக அழுத்தினாள். அது அப்பளம் போல நொறுங்கியது.

மூவரும் பண்ணையை அடைந்தபோது மணி மூன்றரை. மழை பார்த்து இருபது நாள் ஆன மே மாத மண், கால் வைத்த இடமெல்லாம் புழுதியாகக் கிளம்பியது. மேற்பார்வையாளர் குருமூர்த்தி இரண்டாவது ஷெட்டுக்குள் அழைத்துப் போனார். கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே, பனி போல நீர் தெளிக்கும் ஃபாகர் குழாய்.

“இது தினமும் ஓடுதுங்களா?”

“தினமும் ஓடுதுங்க மேடம். இப்பத்தான் நிறுத்துனேன்.”

அனிதா அண்ணாந்து பார்த்தாள். குழாயின் மூக்கில் சிலந்தி ஒன்று வலை பின்னி, நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் காலி ஆப்பசோடா பொட்டலங்கள் கிடந்தன. குருமூர்த்தி நடந்த வழியெங்கும் அவருடைய செருப்பு, ஈரச் சேற்றை விட்டுக்கொண்டே போனது.

நாலே முக்காலுக்கு எல்லோரும் பண்ணை அலுவலகத்தில் கூடினார்கள். ராசப்பன் வெள்ளைத் தாளை மேசைமேல் தள்ளினார். “என்ன அம்மிணி, பேனா வேணுமா?”

“பேனா இருக்குதுங்க” என்றாள் மதுமதி. “எழுதறதுக்குத்தான் பொய் இல்லை.”

“ஏட்டய்யா” என்றாள் அனிதா, “ஒரு நிமிஷம் நாய் மாதிரி வேகமா மூச்சு வாங்குங்க.”

“எதுக்குங்க அம்மிணி?”

“சாட்சி சொல்றதுக்கு.”

தீர்த்தகிரி மனப்பூர்வமாக மூச்சிரைத்தார். ராசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஏட்டு கையை உதறினார். “விரலெல்லாம் குறுகுறுங்குது. உதடு மரத்துப் போகுது.”

“போதும். வேலை செய்யாமலே வேகமா மூச்சு விட்டா, ரத்தத்துல இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போயிடுது. ரத்தத்தோட காரத்தன்மை ஏறுது. அதுல நமக்கு உதவற சுண்ணாம்புச் சத்து குறையுது. அதனாலதான் விரல் குறுகுறுங்குது. கோழிக்கு வேர்வை கிடையாதுங்க. சூட்டை வெளியே தள்ள இப்படித்தான் மூச்சு வாங்கும். முட்டை ஓடுங்கறது சுண்ணாம்புச் சத்தும் அந்த வாயுவும் சேர்ந்த பொருள். ரெண்டும் குறைஞ்சா ஓடு மெலிசாகும். இந்த முட்டையை இங்கே யாராச்சும் அமுக்கிப் பார்த்தீங்களா?”

மதுமதி நீட்டிய பச்சை டிரேயிலிருந்து ராசப்பன் ஒரு முட்டையை எடுத்தார். அது அவர் உள்ளங்கையிலேயே உடைந்தது.

“ரோட்டுப் பள்ளத்துக்குக் கோழி மூச்சைக் காரணம் சொல்றாங்க சார்” என்றார் குருமூர்த்தி.

“அப்ப ஆப்பசோடா எதுக்கு வாங்குனீங்க? அதுலயும் அந்த வாயுதான் இருக்குது. மூச்சுல போனதைக் குடிக்கற தண்ணியில கலந்து ஈடுகட்டப் பார்த்தீங்க. ஓடு மெலிசாகறது வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். அது பத்தலை. இப்பத்தான் நிறுத்துன குழாய்ல சிலந்தி எப்படிங்க வலை பின்னும்? ஊரே புழுதியாக் கிடக்குது, உங்க செருப்புல மட்டும் ஈரச்சேறு.”

தீர்த்தகிரி ஏற்கெனவே வாசலில் இருந்தார். சேற்றுத் தடத்தைப் பிடித்துப் போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். “ரெண்டாவது ஷெட்டு ஃபாகருக்குப் போற வால்வு மூடியிருக்குதுங்க. தண்ணி வேலிக்கு அந்தப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் பாயுது. காடு யாருதுன்னு ஆளுங்களைக் கேட்டேன்.” அவர் குருமூர்த்தியைப் பார்த்தார்.

“நாலு நாளுதானுங்க சார்” என்றார் குருமூர்த்தி. “என் காட்டுல பயிர் வாடிப் போச்சு.”

ராசப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். “சரி சாமி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வந்து லோடு ஏத்திக்க.” தாளை மடிக்கப் போனார்.

மதுமதி அதன்மேல் கை வைத்தாள். “மடிக்காதீங்க. எழுதுங்க.”

“என்னன்னு?”

“கோழி மேல தண்ணி தெளிக்கலைன்னு. மதுமதி தூங்கலைன்னு. அப்புறம்தான் என் வண்டி இந்தக் கேட்டுக்குள்ள வரும்.”

ராசப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்குதுங்க” என்று சொல்லி, தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.