ஈரம் காயாத பட்டைத்துணி

நம்பாலிர்வா இன்னும் தண்ணீரில் கையே வைக்கவில்லை. அதற்குள் மேசைமேல் விரித்திருந்த மரப்பட்டைத் துணி நனைந்து கிடந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை. கம்பாலாவில் மதியத்திலிருந்து விடாத மழை. தகரத்தில் அது கொட்டிய இரைச்சலில், காட்சிக்கூடத்தை நடத்தும் கிகோங்கோ அவளை அறிமுகம் செய்து பேசியது பாதிதான் காதில் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவள் வழக்கமாக மசாக்கா ஊரில், மரப்பட்டையை அடித்துத் துணியாக்குபவரிடம் நேரில் போய் வாங்குவாள். இந்தத் துணியை வாசலுக்கே கொண்டுவந்து தந்தவன் யாரோ. மலிவாகக் கொடுத்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. செத்தவர்களைச் சுற்றிப் புதைப்பதும் இதே துணியில்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? கண்காட்சி நெருங்கிவிட்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அலசிக் காயப்போட்டதோடு சரி.

மரவள்ளிப் பசையைத் தடவியபடி, துணிமேல் ஒட்டுச்சித்திரம் செய்யும் விதத்தை விளக்கத் தொடங்கினாள். காகிதத்தைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் அடுத்த காகிதத்தோடு கரையும் என்றாள். பழைய புகைப்படங்கள், செய்தித்தாள், வாழைநார் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். பசையின் புளிப்பு வாடைக்கு அடியிலிருந்து, புதிதாக வெட்டிய குழியின் மண்வாடை மெல்ல எழுந்து வந்தது. நடுவில் ஒரு காற்றுக்குமிழ். உள்ளங்கையால் அழுத்தினாள். அது தள்ளிப்போய்ப் புடைத்தது. அங்கேயும் அழுத்தினாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கூட்டத்திலிருந்து கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். துணியின் மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று அடக்கமாகக் கேட்டார். மசாக்காவில் என்று பொய் சொன்னாள்.

"இந்த ஓட்டைய நீல நூல்ல தைச்சது எங்க அக்கா," என்றார் அவர். "அன்னிக்கு வேற நூல் கிடைக்கல. 'அப்பா என்ன கல்யாணத்துக்கா போறாரு, இது போதும்'னு அழுதுக்கிட்டே தைச்சா. இதுலதான் அவரச் சுத்திப் புதைச்சோம்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் கத்தவில்லை. குனிந்து, துணிமேல் காதை வைத்தார். யாரோ சிரித்தார்கள். இதுவும் செய்முறை விளக்கத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ.

"ஐயா, மன்னிச்சிருங்க. சுருட்டித் தந்துடுறேன்," என்றாள்.

துணியின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் வெறும் பலகை. ஆனால் மேலே, நடுவில், அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது. நீண்டது. ஒருபக்கம் தோள்போல அகன்றது. அதற்கும் மேலே, அவள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்த புகைப்படங்கள் உள்வாங்கின. புடைத்தன. மறுபடி உள்வாங்கின.

கிகோங்கோ கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன.

கோட்டுக்காரர் நிமிர்ந்தார். கன்னமெல்லாம் பசை. கண்ணில் நீர்.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுதும்மா. வாய் மேல ஒட்டிட்டீங்க. எடுத்து விடுங்க."

ஓடத்தான் நினைத்தாள். காலுக்கு முன்னால் கை போய்விட்டது. செய்தித்தாளை உரித்தாள். நாரைப் பிய்த்தாள். ஒரு புகைப்படம். இன்னொன்று. ஊறிய காகிதம் நகக்கண்ணில் ஏறியது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. கடைசிப் படலம் மட்டும் வரவில்லை. சுரண்டினாள். கிழிந்தது.

விரல் உள்ளே போனது. ஈரம். சூடு. அப்புறம், மேலும் கீழுமாக, பற்கள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. பற்கள் மெதுவாக மூடின.