நான்கு நொடிக் குரல்

“சத்தியமா சொல்றேன் ஹேசல், அது மேபெல்தான்.”

“மேபெல் செத்து நாலு வருஷம் ஆச்சு, கோல்ம்.”

“பிணத்த நீ பாத்தியா? நானும் பாக்கல. கிழவி எங்கயோ போயிட்டுத் திரும்பி வந்திருக்கா. உங்கம்மா மாதிரி, சொல்லாமக் கொள்ளாம.”

ரேடியோவில் ஹேசலின் கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தீவின் நுனியில், கடலுக்குள் கால் ஊன்றி நின்ற மரவீட்டில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி சன்னலை அடைத்திருந்தது. ஜலசந்தியின் அடியில் அவர்கள் இறக்கி வைத்த ஐந்து மைக்குகளும் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கி வழியாக நாள் முழுக்கக் கடலை வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தன: அலையடியில் கூழாங்கற்கள் உருளும் ஓசை, தொலைவில் இழுவைப்படகின் முனகல், அவற்றுக்கிடையே, வடக்கு மைக்கில், அந்தக் கூவல். ஓர்காத் திமிங்கிலங்களில் குடும்பத்துக்கு ஒரு கூவல். கிழட்டு ஓர்கா மேபெலின் குடும்பத்துடையது துருப்பிடித்த கீல்போலக் கிறீச்சிட்டு மேலேறும். அந்தக் குடும்பத்தில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

கோல்ம் ரப்பர் படகில், இன்ஜினை அணைத்துவிட்டு, பனிக்குள் காத்திருந்தான்.

ஹேசல் கேட்டது வேறொன்றை. கூவலுக்கு முன்னால் மெல்லிய மின் இரைச்சல். முடிவில் கத்தியால் நறுக்கியதுபோல மௌனம். நான்கு நொடி. மறுபடி இரைச்சல், கூவல், நறுக்கு.

நறுக்கியது அவள் கை.

மூன்று குளிர்காலத்துக்கு முன் மேபெலின் கடைசிக் குட்டி டில், ஒரு குடாவுக்குள் தனியாகச் சிக்கிக்கொண்டான். வெளியே வரவழைக்க, ஹேசல் பழைய பதிவிலிருந்து தாயின் குரலை வெட்டியெடுத்து நீருக்குள் ஒலிக்கவிட்டாள். திமிங்கில ஆய்வில் செய்யவே கூடாத காரியம். டில் ஓடிவந்தான். படகைச் சுற்றிச் சுற்றித் தாயைத் தேடினான். ஒலியை நிறுத்திய பிறகும் அங்கிருந்து நகரவில்லை, இரை எடுக்கவில்லை. பதினோராம் நாள் கரை ஒதுங்கினான். அவள் அந்தப் பதிவு நாடாவை அடுப்பில் போட்டாள். ஆய்வு ஏட்டில் ‘பட்டினி’ என்று எழுதினாள். டிலுக்குப் பெயர் வைத்த கோல்ம் அவள் மடியில் விழுந்து அழுதான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

வடக்கு மைக் அடங்கியது. பாசிக்காட்டு மைக்கில் கூவல் எழுந்தது. அதை ஒட்டித்தான் கோல்ம் இருந்தான்.

“கோல்ம், இன்ஜினப் போடு. வீட்டுக்கு வா.”

“பைத்தியமா உனக்கு? சத்தம் கேட்டா ஓடிரும்.”

“அது மேபெல் இல்ல.” சொன்னால் இவன் தன்னோடு வாழமாட்டான். சொல்லாவிட்டால் அங்கேயே இருப்பான். “அது நான் வெட்டி, அடுப்புல எரிச்ச சத்தம். டில்ல நான்தான் கூப்பிட்டேன், அவன் அம்மா குரல்ல. நான்தான் அவனக் கொன்னேன். இப்பக் கிளம்பு.”

ரேடியோ இரைந்தது.

“மூணு வருஷம்,” என்றான். “என் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்க.”

“திட்டு. வந்து திட்டு. இன்ஜினப் போடு.”

“ஹேசல், படகுக்கு அடியில…”

அவ்வளவுதான்.

கூவல் நின்றது. கூழாங்கற்களும் நின்றன. அவள் ரேடியோவில் அவன் பெயரைக் கத்தினாள்.

பிறகு பாசிக்காட்டு மைக்கில் மின் இரைச்சல். தொடர்ந்து, நீருக்கு அடியிலிருந்து, கோல்மின் குரல். பதற்றமே இல்லாத குரல்.

நறுக்கு.

அடுத்த மைக். அதே குரல். அதே மூச்சு. நறுக்கு.

அதற்கடுத்தது.

ஐந்தாவது மைக் வீட்டுப் பலகைகளுக்கு நேர் கீழே இருந்தது. கதவைத் திறந்தது எப்போது, பலகை விளிம்பில் மண்டியிட்டது எப்போது, அவளுக்குத் தெரியவில்லை. கறுத்த நீர். அடியில் ஏதோ வெள்ளை. மெதுவாக மேலேறியது.

“ஹேசல், கையக் குடு.”

நறுக்கு.

“ஹேசல், கையக் குடு.”