சாஆ படத்தில் ஒரு தூசி

காலையில் படத்தின் ஓரத்து மரத்தடியில் இருந்த வெள்ளைப் புள்ளி, சதாசிவம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது பாதையின் நடுவே நின்றது.

அதைத் தன் கண்ணின் கோளாறு என்று அவர் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அவர் கண்ணுக்குக் கோளாறு வராது. 'ஒளிக்கலைச் செம்மல்' பட்டத்தை அவருக்குக் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். தோளில் கிடந்த சிவப்புப் பொன்னாடையைக்கூட அவரே கடைக்குப் போய் நிறம் பார்த்து எடுத்து வந்தார். சிங்கப்பூரில் ஒரு பிரிண்ட் கடையில் வேலை பார்த்ததை அழைப்பிதழில் 'அயலக ஆய்வு' என்று போட்டுக்கொள்பவர். ஜொகூர் மாநிலத்துக் கூலாய் ஊரில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த இந்த நிலக்காட்சிக் கண்காட்சிக்கு அவரை நடுவராகக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், கூப்பிடாவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான்.

படம் சாந்தினியுடையது. சாஆ ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டம், விடியற்காலைப் பனிமூட்டம், கறுப்பு வெள்ளையில். பாதிச் சுவரை அடைக்கும் பருத்தித் தாள், மேலே கண்ணாடி கிடையாது. சாம்பல் நிறத்துக்கு இத்தனை படிகளா என்று வாய் பிளக்க வைக்கும் அச்சு. சதாசிவத்தை உறுத்தியதும் அதுதான். குறையில்லாத படத்துக்கு நடுவர் எதற்கு? திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்தவர், அந்தப் புள்ளியைச் சுட்டிக்காட்டினார்.

"தூசி! தாளைத் துடைக்காம மெஷின்ல விட்டிருக்காங்க. துடைக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குக் கேமரா?"

கைதட்டலைத் தொடங்கி வைத்தவர் செயலாளர் ரூபேந்திரன். சங்கத்தில் அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

இப்போது எல்லாரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடியில் சாந்தினி மட்டும் படத்தருகே நின்றாள்.

"அங்கிள், அது தூசி இல்ல லா. சிகாமட்ல இதே படத்த மாட்டுனப்ப இல்ல. அங்க லெட்சுமணன் சார்தான் ஜட்ஜ். ரொம்பக் கிட்ட போய்ப் பார்த்தாரு. அப்புறந்தான் இது வந்துச்சு."

"எங்க அந்த ஆளு? இன்னிக்கி வரலயே?"

"அன்னிலேர்ந்து காணோம் அங்கிள். அவரு ஓட்டிட்டு வந்த காடி இன்னும் சிகாமட் மண்டபத்து வாசல்லயே நிக்குது. அவங்க வைஃப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடக்கறாங்க."

"பாதியில எழுந்து போறது அவருக்குப் பழக்கம்மா. என் பேச்சுக்கே எழுந்து போன மனுசன்."

"கிட்ட மட்டும் போகாதீங்க."

"எட்ட நின்னு தலையாட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன ரிப்பன் வெட்ட வந்த டத்தோவா? போயி ஒரு தேத்தண்ணி கொண்டா."

அவள் தயங்கித் தயங்கிப் படியிறங்கினாள். மின்விசிறி கரகரத்தது. சதாசிவம் சட்டைப் பையிலிருந்து சிறு பூதக்கண்ணாடியை எடுத்துத் தாளின் மேல் வைத்து, கண்ணை அதில் பொருத்தினார்.

வெள்ளைச் சட்டை. பையில் சிவப்பும் நீலமுமாக இருந்திருக்க வேண்டிய, இப்போது சாம்பலாகிப்போன இரண்டு பேனாக்கள். தலைக்கு மேல் தூக்கிய கை. திறந்த வாய்.

அந்தக் கை ஆடியது.

இரண்டு பேனா குத்திக்கொள்கிற நடுவர் ஜொகூரிலேயே லெட்சுமணன் ஒருவர்தான். சதாசிவத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மைக்கில் தூசி என்று சொல்லியாகிவிட்டதே. கைதட்டலும் வாங்கியாகிவிட்டது. இனி அது தூசியாக இருப்பதுதான் அதற்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை.

பையிலிருந்த பெட்டியைத் திறந்தார். படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் தொட்டு அடைக்க மயிரிழைத் தூரிகையும், காலத்துக்கும் அழியாது என்று அவர் பீற்றிக்கொள்ளும் சாம்பல் மையும் எப்போதும் கூடவே இருக்கும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே தொட்டார். தூரிகையின் நுனிக்கடியில் அந்தப் புள்ளி, அறுந்த பல்லிவால் போலத் துடித்தது. இன்னொரு தொடுகை. இன்னும் ஒன்று. அடங்கிவிட்டது.

நிமிர்ந்தார்.

மின்விசிறிச் சத்தம் இல்லை. ஈரமண் வாசனை, அதற்குள் அழுகிய செம்பனைப் பழத்தின் புளிச்ச எண்ணெய் நெடி. எங்கோ ஒரு மட்டை முறிந்து, சரசரவென்று இறங்கித் தொப்பென்று விழுந்தது.

"சாந்தினி?"

கையில் தூரிகை இல்லை. பூதக்கண்ணாடியும் இல்லை. தோளில் பொன்னாடை இருந்தது. சாம்பல் நிறத்தில்.

முன்னே நடந்தார், மரவரிசை. திரும்பி நடந்தார், அதே வரிசை, அதே வெட்டுத்தழும்பு, அதே சாய்ந்த மட்டை. குறுக்கே ஓடினார். அதே மரத்துக்கு வந்து நின்றார். விடியல் வெளிச்சம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூச்சு வாங்கியது. வாயிலிருந்து ஆவி வரவில்லை.

பாதையின் நடுவே ஓரிடத்தில் பனி இறுகிக் கிடந்தது, காய்ந்த சுண்ணாம்பு போல. கிட்டப் போனார். தன்னுடைய மையின் வாசனை.

அடியில், ஓர் ஓரம் மை படாமல் விட்டுப்போயிருந்தது. அவசர வேலை. வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் மைக்கிலேயே கிழித்திருப்பார்.

விட்டுப்போன ஓரத்தில் விரல்கள். அசைந்துகொண்டிருந்தன.

நகத்தால் சுரண்டினார். பெயரவில்லை. அழியாத மை. அவர் சொன்னதெல்லாம் பொய்யில்லை.

அப்போது மரங்களுக்கு மேல், வானம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு சதுரம் வெளுத்தது. கண்காட்சி மாடி. குன்று உயரத்துக்குச் சாந்தினியின் முகம், பக்கத்தில் ரூபேந்திரன். சதாசிவம் இரண்டு கைகளையும் தூக்கினார். கத்தினார். பனி அதை விழுங்கியது.

"தலைவர் எங்கம்மா?"

"இங்கதான் இருந்தாரு. அவரு தூரிகை கீழ கெடக்கு பாருங்க..."

"அட, அந்தத் தூசிய அடச்சிட்டாரு! பக்கத்துல இன்னொன்னு இருக்கே. கவனிக்காம விட்டுட்டாரு போல."

"அங்கிள், தொடாதீங்க! அசையுது அது!"

"தலைவரே மைக்ல சொல்லிட்டாரு, தூசின்னா தூசிதான். நான் முடிச்சு வெக்கிறேன். வந்து பார்த்தா சந்தோசப்படுவாரு."

வானம் முழுக்க ஒரு கண் வந்து நின்றது. சிவப்பு நரம்போடிய, பணிவான கண்.

சதாசிவம் தன் பேரைச் சொன்னார். பட்டத்தைச் சொன்னார். கண் சிமிட்டிற்று. விலகிற்று.

ஓடவேண்டும். மரத்துக்குப் பின்னால், இருட்டுக்குள், எங்காவது.

கால் வரவில்லை.

குனிந்து பார்த்தார். இறுகிய பனிக்கு வெளியே நீண்டிருந்த விரல்கள் அவர் கணுக்காலைப் பற்றியிருந்தன.

மேலே, செம்பனை மரம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் தூரிகை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சாம்பல் துளி, கனத்து, முதிர்ந்து, விழத் தயாராக.