அழிக்கப்பட்ட ஐந்தாம் விதி

சனிக்கிழமை, காலை 9.10. வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த ஆறு விதிகளில் ஐந்தாவதைக் காணவில்லை.

பழைய கணினிகளைப் பழுதுபார்த்துப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏழு பேர் குழு அது. சண்டை சச்சரவு இல்லாமல் நடக்க ஆளுக்கொரு விதி என்று போன சனிக்கிழமை எழுதி வைத்தார்கள். இன்று பத்து மணிக்கு வாக்கெடுப்பு.

ஐந்தாவதை எழுதியவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா. ‘இரண்டு வாரம் வராதவரை யாராவது வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும்.’ அவர் தனிக்கட்டை. படுத்துவிட்டால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அறையின் பூட்டு உடையவில்லை. சாவி மூவரிடம்தான்: நர்ஸ், பஸ் டிரைவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

அம்மா பலகையில் மூக்கு உரச நின்று பார்த்தார். அழித்த இடத்தில் காகிதத் துணுக்குகள். டஸ்டரோ ஜன்னல் கம்பியில் சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு வாரத்துக்கு முன்பு அலமாரிகளை மாற்றிப் போட்டதிலிருந்து அதற்கு அதுதான் இடம்.

“வாரத்துக்கு நடுவுல யாராவது வந்தீங்களா?”

“டூட்டிக்கே நேரம் பத்தலை,” என்றார் டிரைவர்.

“நானும் வரலைங்க,” என்ற நர்ஸ், கடிகாரக்காரரைக் காட்டினார். “இவரையெல்லாம் சந்தேகப்படாதீங்க. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாத மனுஷன்.”

கடிகாரக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, மறுபடி எழுதிடலாம்,” என்றார் அம்மா. “அண்ணே, அந்த டஸ்டரைக் கொஞ்சம் எடுங்க.”

கடிகாரக்காரர் கதவுக்குப் பின்னால் கைவிட்டார். அங்கே வெறும் ஆணிதான் இருந்தது.

9.35. அம்மா ஜன்னல் கம்பியைக் காட்டினார்.

“டஸ்டர் இடம் மாறினது உங்களுக்கு மட்டும்தான் தெரியலை. அதான் காகிதத்தால துடைச்சிருக்கீங்க. எத்தனை வாரமா வரலை?”

“அஞ்சு. முதுகு பிடிச்சுக்கிச்சு. எழுந்திருக்கவே முடியலை.” என்றார் கடிகாரக்காரர். “நேத்து சாயங்காலம் சாவியை வெச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன். பலகையில இதைப் பார்த்ததும் ஆத்திரம் வந்துடுச்சு. எனக்கு ஒரு போன்கூட வரலையேம்மா.”

“அப்புறம் இன்னைக்கு ஏன் வந்தீங்க?”

“எங்க போயிருந்தேன்னு யாராவது கேப்பாங்களான்னு பார்க்க.”

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆளுக்கொரு விதி. நாம ஏழு பேர். பலகையில ஆறு,” என்றார் அம்மா. “ஒரு வாரமா என் கண்ணு முன்னாடி இருந்தது. முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தவ, எண்ணிப் பார்க்கலை.” அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்துக் கடிகாரக்காரர் கையில் திணித்தார். “ஏழாவதை நீங்க எழுதணும். அதுக்கு முன்னாடி வீடு எங்கன்னு சொல்லுங்க.”

“பாலத்துக்குப் பக்கத்துல. மருந்துக் கடைக்கு மேல் மாடி.”

மாதாமாதம் அம்மா மாத்திரை வாங்குவது அந்தக் கடையில்தான். போன வாரம்கூடப் போயிருந்தார்.